உழவு சாலில் ஒரு பழைய சமையலறை

கடப்பாரையும் மண்வெட்டியும் இல்லாமல், குனிந்த தலையோடு நடந்தே பழைய ஊர்களைக் கண்டுபிடிக்கும் வித்தை ஒன்று உண்டு. ரோமாபுரியைச் சுற்றியுள்ள வயல்களிலும் வைகைக் கரையிலும் அது பலித்திருக்கிறது. சங்கரன்கோவில் சீமையிலும் அதற்கு வேலை காத்திருக்கிறது.

சங்கரன்கோவில் என்றதும் நம் வாசக சகோதரிகளுக்கு என்னவெல்லாம் நினைவுக்கு வரும்? ஆடித் தபசு வரும். சங்கரரும் நாராயணரும் ஒரே மேனியாக நிற்கும் சந்நிதியும், கோமதி அம்மன் தவக்கோலமும் வரும். பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுவரும் புற்று மண் பிரசாதம் வரும். விசைத்தறிச் சேலைகள் வரும். உடைந்த பானை ஓடு மட்டும் யாருக்கும் நினைவுக்கு வராது!

ஆனால் இந்தக் கட்டுரை உடைந்த பானை ஓட்டைப் பற்றியதுதான். கோவில் புற்று மண்ணை நாம் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். கோவிலுக்கு வெளியே, நாலு திசையிலும் விரிந்து கிடக்கும் கரிசலிலும் செவலிலும் நமக்கு முன்னால் வாழ்ந்தவர்களின் அடுப்பங்கரையே புதைந்து கிடக்கலாம். அதை நாம் செருப்புக் காலால் மிதித்துக்கொண்டு போகிறோம்.

ஏன் பானை ஓடு?

வீட்டிலிருக்கும் சாமான்களை ஒரு நிமிஷம் மனத்துக்குள் வரிசைப்படுத்திப் பாருங்கள். இவற்றில் இரண்டாயிரம் வருஷம் கழித்து எது மிஞ்சும்? பட்டுச் சேலை மக்கிவிடும். மரப்பெட்டியைக் கறையான் தின்றுவிடும். அரிவாள்மணை துருப்பிடித்து உதிர்ந்துவிடும். தங்கத்தை எவராவது உருக்கி வேறு நகை செய்துகொள்வார்கள். செம்புப் பாத்திரமும் அப்படியே, பழைய பாத்திரக்காரனிடம் போய்ப் புது உருவம் எடுத்துவிடும்.

மண்பானை மட்டும்தான் விலக்கு. அது எளிதில் உடையும். உடைந்தபின் காலணாவுக்குப் பிரயோஜனமில்லை. எவரும் திருட மாட்டார்கள், உருக்கவும் முடியாது. சூளையில் வெந்த மண் மக்குவதுமில்லை. எதற்கும் உதவாது என்று தூக்கி எறிந்ததனாலேயே அது காலத்தை வென்று நிற்கிறது!

அரசர்களின் சரித்திரம் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் இருக்கிறது. சோறு வடித்தவளின் சரித்திரம் எங்கே இருக்கிறது? அவள் உடைத்த சட்டியில் இருக்கிறது.

நடந்து படிக்கும் புத்தகம்

அகழ்வாராய்ச்சி என்றால் குழி தோண்டுவது என்று நினைக்கிறோம். குழி தோண்டுவதற்கு முன்னால் எங்கே தோண்டுவது என்று தெரிய வேண்டாமா? அதற்குத்தான் மேற்பரப்பு ஆய்வு, அல்லது கள ஆய்வு என்பது.

காரியம் பார்வைக்கு மிக எளிது. உழுது போட்ட நிலமாக இருக்க வேண்டும். பயிர் முளைத்திருக்கக் கூடாது. ஒரு மழை பெய்திருந்தால் இன்னும் விசேஷம், ஓட்டின் மேலிருக்கும் புழுதி கழுவப்பட்டு நிறம் பளிச்சென்று தெரியும். ஐந்தாறு பேர் கைக்கெட்டாத இடைவெளி விட்டு ஒரே வரிசையில் நிற்பார்கள். பிறகு நாற்று நடுகிற பெண்கள் மாதிரி குனிந்த தலை நிமிராமல், வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடப்பார்கள். கண்ணில் படும் சில்லுகளைப் பொறுக்கி, எந்த வயல், எந்தப் பகுதி என்று பையின் மேல் எண் எழுதிப் போடுவார்கள். பிறகு அடுத்த வயல், அதற்கடுத்த வயல் என்று வேலை தொடரும்.

மாலையில் சில்லுகளைத் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, தரம் பிரிக்க வேண்டும். வாய் விளிம்பு கிடைத்தால் அதிர்ஷ்டம். அதன் வளைவைக் கொண்டே அது தண்ணீர்க் குடமா, சோற்றுச் சட்டியா, தட்டா என்று சொல்லிவிடலாம். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக இருந்தால் மிகப் பழசு என்று காது கூர்மையாகும். பானையைச் சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்டால், காற்றுப் படாத உட்புறம் கறுத்துவிடும், காற்றுப் பட்ட வெளிப்புறம் சிவந்துவிடும். தமிழ்நாட்டில் இரும்புக் காலத்திலிருந்து இந்தக் கறுப்பு-சிவப்புப் பானை நம்மோடு வருகிறது.

எல்லாவற்றையும் படத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் வேடிக்கையைப் பாருங்கள்! ஒரே இடத்தில் ஓடுகள் குவிந்திருந்தால் அங்கே வீடு இருந்திருக்கலாம். செங்கல்லும் கூரை ஓடும் கலந்திருந்தால் கொஞ்சம் வசதியான வீடு. வயல் முழுவதும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தால், அது எருவோடு வந்தது. வீட்டுக் குப்பையில் உடைந்த சட்டியைப் போடுகிறோம். குப்பை எருக்குழிக்குப் போகிறது. எரு வண்டியேறி வயலுக்குப் போகிறது. ஆக, அந்தச் சிதறல் 'இங்கே குடியிருந்தார்கள்' என்று சொல்லாவிட்டாலும், 'இதை உழுது, எருப் போட்டுப் பயிர் செய்தார்கள்' என்று சொல்லிவிடுகிறது.

ரோமாபுரியின் வாசலில்

இந்த வித்தையைப் பெரிய அளவில் செய்து காட்டிய இடங்களில் ஒன்று இத்தாலி. ரோமாபுரிக்கு வடக்கே சுமார் 16 கிலோமீட்டர் தூரத்தில் வேயி என்ற புராதன நகரம் இருந்தது. எட்ரூஸ்கர் என்ற ஜாதியாரின் செல்வ நகரம் அது, கி.மு. 396-இல் ரோமானியர் அதைப் பிடித்தார்கள் என்று அவர்களுடைய சரித்திரம் சொல்கிறது.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு டிராக்டர் வந்து சேர்ந்தது. மாட்டு ஏர் தொடாத ஆழத்தை டிராக்டரின் கலப்பை தொட்டது. அடியில் உறங்கிக்கொண்டிருந்த ஓடும் செங்கல்லும் குப்பென்று மேலே வந்தன. ரோமில் இருந்த பிரிட்டிஷ் ஆராய்ச்சிப் பள்ளியின் தலைவர் ஜான் வார்ட்-பெர்கின்ஸ் இதைக் கண்டார். மேலே வந்தவை நாலைந்து உழவுக்குள் பொடிப்பொடியாகிவிடும், ரோமாபுரியும் வீடு வீடாக வளர்ந்து இந்த வயல்களை விழுங்கிவிடும் என்று அவருக்குப் புரிந்தது. 1950-களில் தொடங்கிய நடை, 1970-கள் வரை நடந்தது. மாணவர்களும் தொண்டர்களும் வரிசை கட்டி நடந்தார்கள். வேயியின் நாட்டுப்புறத்தைப் பற்றி 1968-இல் அச்சான அறிக்கையை எழுதிய மூவரில், ஆன் கஹானே, லெஸ்லி மரே த்ரைப்லாண்ட் ஆகிய இருவர் பெண்மணிகள்.

அவர்கள் கண்டது என்ன? திபேரியஸ் கிராக்கஸ் என்ற ரோமானியப் பிரபு கி.மு. 137-இல் எட்ரூரியா வழியாகப் பிரயாணம் செய்தபோது, சொந்த உழவர்களே இல்லாமல் நாடு வெறிச்சோடிக் கிடந்ததாகவும், அயல்நாட்டு அடிமைகளே ஏர் உழுததாகவும் கண்டு மனம் நொந்தானாம். அவனுடைய தம்பி எழுதியதாக புளூட்டார்க் இதைக் குறித்து வைத்திருக்கிறார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பி, சிறு விவசாயிகள் அழிந்தே போனார்கள் என்று தலைமுறை தலைமுறையாகப் பாடம் நடந்தது.

பானைச் சில்லுகள் அந்தப் பாடத்தைக் கேள்வி கேட்டன! சாலை ஓரங்களிலும் மேட்டு நிலங்களிலும் சின்னச் சின்னப் பண்ணை வீடுகளின் அடையாளம் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைகாட்டியது. பிரபுவின் கண்ணில் படாத குடியானவனும் அவன் மனைவியும் தங்கள் சட்டி பானைகளின் மூலம், 'நாங்களும் இருந்தோம்' என்று சாட்சி சொன்னார்கள்.

இன்னொரு விஷயமும் கவனிக்கத் தக்கது. 1997-இல் தைபர் நதிப் பள்ளத்தாக்கு ஆராய்ச்சி என்ற புதிய முயற்சி தொடங்கியபோது, அந்தப் பழைய சில்லுகளையே மறுபடி எடுத்துப் புதிய அறிவோடு காலம் கணித்தார்கள். முன்னால் நடந்தவர்கள் ஒவ்வொரு பையிலும் இடத்தைக் குறித்து வைத்திருந்தார்கள். இடம் தெரியாத ஓடு வெறும் ஓடுதான். அதைக் கொண்டு எதையும் மறுபடி படிக்க முடியாது.

வைகை சொன்ன கதை

நம் நாட்டில் இப்படி நடந்தார்களா என்று கேட்கிறீர்களா? நடந்தார்கள். மதுரை மாநகரம் ரோமானியருக்கே தெரிந்த பழம்பதி. வைகை கடலில் கலக்கும் பக்கத்தில் அழகன்குளத்தில் ரோமானியக் காசுகளும், மத்தியதரைக் கடல் பக்கத்து மதுச் சாடிகளின் ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. சரக்கு வந்து இறங்கிய துறை இருக்கிறது. அதை வாங்கிய நகரமும் இருக்கிறது. இடையில் ஆற்றங்கரை நெடுகிலும் இருந்தவர்கள் யார்?

2013-14-இல் இந்தியத் தொல்லியல் துறையைச் சேர்ந்த அமர்நாத் ராமகிருஷ்ணன் குழுவினர் தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் வைகையின் இரு கரைகளையும் ஆராய்ந்தார்கள். பழமையின் தடயமுள்ள இடங்கள் ஒன்றல்ல, இரண்டல்ல, 293 அகப்பட்டன! அவற்றுள் ஒன்றுதான் கீழடி. மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டரில் இருக்கும் ஒரு தென்னந்தோப்பு மேடு.

அங்கே 2014-15-இல் தோண்டத் தொடங்கி என்னவெல்லாம் வெளிவந்தன என்பது பள்ளிக் குழந்தைகளுக்கும் தெரியும். செங்கல் கட்டடங்கள், உறைகிணறுகள், நூல் நூற்கும் தக்களி, தந்தத்தில் செய்த தாயக்கட்டை, தமிழ் எழுத்தில் பெயர் கீறிய பானைகள் எல்லாம் வந்தன. பாண்டி விளையாடும் வட்டச் சில்லுகள் மட்டும் நூற்றுக்கணக்கில்! உடைந்த பானையை அம்மா எறிந்தாள். அதிலே ஒரு துண்டைத் தேய்த்து வட்டமாக்கி மகள் விளையாடினாள். கீழடியின் ஒரு காலக்கணிப்பு கி.மு. 580 என்று 2019-இல் மாநிலத் தொல்லியல் துறை வெளியிட்டது. இத்தனை நூற்றாண்டு கழித்தும் நம் தெருக்களில் அதே விளையாட்டு!

அறிஞர்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே, 1970-களில், கீழடியில் கிணறு வெட்டியபோது வந்த பொருள்களைப் பிள்ளைகள் கொண்டுவந்து காட்ட, அவற்றைப் பத்திரப்படுத்தி அதிகாரிகளுக்குச் சொன்னவர் ஒரு பள்ளி ஆசிரியர். தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையிலும் முதலில் கண்டு சொன்னவர் ஓர் ஆசிரியரே. அந்தச் சிவகளைத் தாழி ஒன்றில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. உள்ளூர்க் கண் ஒன்று விழித்திருந்தால் எவ்வளவு காரியம் ஆகிறது பாருங்கள்!

நம் சங்கரன்கோவில் பக்கம்

இனி, சங்கரன்கோவில் சீமைக்கு வருவோம். 2019 முதல் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த இந்த வட்டாரம், கிழக்கே கரிசலும் மேற்கே மலையடிவாரமுமாக அமைந்தது. தெற்கே பொருநையின் பழம்பதிகள்: 1876-லேயே அறிஞர் உலகின் கண்ணில் பட்ட ஆதிச்சநல்லூர், முத்துக்குப் பேர்போன கொற்கை. வடகிழக்கே வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டை. அங்கே 2022 முதல் நடந்த அகழாய்வுகளில் குவியலாகச் சங்கு வளையல்கள் கிடைத்தன. தெற்குக்கும் வடக்குக்கும் நடுவில் இருக்கும் இந்தப் பூமி மாத்திரம் வெறுமையாகவா இருந்திருக்கும்?

இல்லை என்பதற்குச் சாட்சி கிடைத்துவிட்டது. மலையோரத்துச் சிவகிரி வட்டத்தில் திருமலாபுரம் என்று ஓர் ஊர். 2024 ஜூனில் மாநிலத் தொல்லியல் துறை அங்கே முதல் முறையாக அகழாய்வு தொடங்கியது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வரும் இரண்டு ஓடைகளுக்கு நடுவே, சுமார் 35 ஏக்கரில், இரும்புக் கால இடுகாடு ஒன்று கிடக்கிறது. பலகைக் கற்களை நிறுத்தி நீள்சதுரமாக அடைத்து, அதற்குள் தாழிகளைப் புதைத்திருக்கிறார்கள். வெள்ளைக் கோலம் தீட்டிய பானைகள் இருக்கின்றன. ஒரு தாழியின் மேல் புள்ளி புள்ளியாக மனிதன், மலை, மான், ஆமை என்று உருவங்கள். மற்றொரு வியப்பு, அரைச் சென்டிமீட்டர் அகலம்கூட இல்லாத மூன்று குட்டித் தங்க வளையங்கள்!

புள்ளி வைத்து உருவம் வரைந்தவர்கள், கோலம் தீட்டிய பானையில் உண்டவர்கள், போனவருக்குப் பொன் வைத்து அனுப்பியவர்கள் - இவர்கள் உயிரோடு இருந்தபோது எங்கே இருந்தார்கள்? 35 ஏக்கர் இடுகாடு ஒரே ஊருக்குச் சொந்தமா, பல ஊர்களுக்குப் பொதுவா? எந்தக் குளத்தில் தண்ணீர் எடுத்தார்கள்? எந்த மேட்டில் அடுப்பு மூட்டினார்கள்? இதற்கெல்லாம் இடுகாட்டைத் தோண்டினால் மட்டும் பதில் வராது. சுற்றிலுமுள்ள வயல்களில் நடக்க வேண்டும். இறந்தவர்களின் வீடு தெரிந்துவிட்டது. வாழ்ந்தவர்களின் வீடுகளைத் தேட வேண்டும்.

பாட்டி சொன்ன பாடம்

சங்கரன்கோவிலுக்கு வெளியே, உழுது ஆறப்போட்டிருந்த ஒரு செவல் காட்டில் குனிந்துகொண்டு நடந்தபோது, வரப்பில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி குரல் கொடுத்தார்.

"என்ன தம்பி, மோதிரத்தைத் தொலைச்சிட்டீயளா?"

"இல்லை பாட்டி, பானை ஓடு பார்க்கிறேன்."

"ஓடா! அது கூடை கூடையாக் கெடக்கு. களை எடுக்கையில காலைக் குத்தும். பொறுக்கி வரப்போரமா எறிஞ்சிருவோம். ஆனா இது இந்த மண்ணுல உள்ளது இல்ல தம்பி. போன கோடையில குளத்துக் கரம்பை அடிச்சாங்க. அதுல வந்ததாக்கும்."

புஸ்தகத்தில் படித்த ஆராய்ச்சி முறை எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் தூக்கிவாரிப் போட்டது! குளத்து வண்டலை வயலுக்கு அடிப்பது நம் பக்கத்து விவசாயிகளின் பழைய வழக்கம். வண்டலோடு வந்த ஓட்டை வைத்து வயலில் ஓர் ஊரைக் கட்டிவிட்டால் என்ன ஆவது? எந்த மண் எங்கிருந்து வந்தது என்பது அறிஞருக்குத் தெரியாது. களை எடுக்கிற பெண்ணுக்குத் தெரியும். ஆகவே நடக்கிறவர்கள் கண்ணை மட்டுமல்ல, காதையும் திறந்து வைத்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது.

"பெரிய தாழி எதுவும் பார்த்திருக்கீங்களா பாட்டி?"

"முதுமக்கள் தாழியக் கேக்கீயளா? எங்க ஆத்தா சொல்லுவா. அந்தக் காலத்துல வயசாகியும் உசிரு போகாமச் சுருங்கிக் கெடப்பாகளாம். அவுகளத் தாழியில வச்சு, விளக்கேத்தி, சோறும் வச்சு மூடிருவாகளாம். எத்தனை அழுதிருப்பாகளோ, பாவம்!"

தெற்குச் சீமை முழுவதும் வழங்கும் கதை இது. இறந்தவர்களின் உடலையோ எலும்புகளையோதான் தாழியில் வைத்தார்கள் என்பது ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை. ஆனால் 'சோறும் வச்சு' என்று பாட்டி சொன்னதை அலட்சியம் செய்ய வேண்டாம். தாழிக்குள் நெல் இருந்தது என்பதைச் சிவகளை காட்டிவிட்டதே!

நாம் செய்யக் கூடியது

இத்தாலியில் டிராக்டர் செய்ததை நம் ஊரில் ஜே.சி.பி. செய்கிறது. மேடு சமன் செய்யப்படுகிறது. செம்மண் லாரியேறிப் போகிறது. வயல் மனைக்கட்டாகி, கல் நட்டு, கொடி பறக்கிறது. வீடு கட்ட வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? எல்லோருக்கும் வீடு வேண்டியதுதான். ஆனால் ஒரு மேட்டை வெட்டுவதற்கு முன்னால் ஒருநாள் அதன்மேல் நடந்து பார்ப்பதற்கு என்ன செலவு?

வயலும் தோட்டமும் உள்ள சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. கிணறு வெட்டும்போதோ, வாய்க்கால் எடுக்கும்போதோ பெரிய பானையின் வாய் தெரிந்தால், பொன் இருக்கும் என்று உடைக்காதீர்கள். பெரும்பாலும் எலும்பும் துருப்பிடித்த இரும்பும் சின்னக் கலயங்களும்தான் இருக்கும். அவை இருந்த இடத்தில், இருந்த வரிசையில் இருந்தால்தான் மதிப்பு. எடுத்து வீட்டு அலமாரியில் அடுக்கினால், அந்தப் பையில் எண் எழுதாமல் போட்டதற்குச் சமானம்.

கைப்பேசியில் படம் எடுங்கள். அளவு தெரியும்படி பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். நிலத்தின் சர்வே எண்ணைக் குறியுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். நெல்லையில் அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருப்பவர்கள், பிள்ளைகள் கொண்டுவந்து காட்டும் சில்லை 'குப்பை' என்று எறியச் சொல்லாமல், "எங்கே கிடைத்தது?" என்று ஒரு கேள்வி கேட்டாலே போதும். கீழடிக்கும் சிவகளைக்கும் பிள்ளையார் சுழி போட்டது அந்தக் கேள்விதான்.

அடுத்த மழைக்குப் பிறகு, உழுத நிலத்தின் ஓரமாகப் போக நேர்ந்தால் சற்றே குனிந்து பாருங்கள். உள்ளே கறுத்து வெளியே சிவந்த ஒரு சில்லு கிடக்கலாம். அதன் விளிம்பில் விரலை வைத்துத் தடவுங்கள். அதை வனைந்த குயவரின் விரல் ஓடிய வரி தட்டுப்படும். அதில் சோறு வடித்தவளும் நம்மைப் போல ஒரு காலையில் அவசரத்தில் கை தவறவிட்டு, "ஐயோ!" என்று சொல்லியிருப்பாள். சில்லை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, இடத்தைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.